கதவில் ஒட்டிய தாள், கல்லறையில் ஏற்றிய விளக்கு: போலந்தின் இறுதிச் சடங்குகள்

போலந்தில் ஒரு சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் கதவைப் பாருங்கள். லிஃப்ட் பழுது, தண்ணீர் நிறுத்தம் என்று ஒட்டியிருக்கும் அறிவிப்புகளுக்கு நடுவே சில நாட்களில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும். சுற்றிலும் கறுப்புக் கரை, மேலே சிலுவை, நடுவில் பெரிய எழுத்தில் ஒரு பெயர். பெயருக்கு முன்னால் 'புனித நினைவுக்குரிய' என்பதன் சுருக்கமாக இரண்டே எழுத்து இருக்கும். நாம் 'அமரர்' என்று போடுவது மாதிரி. கீழே, 84 ஆண்டுகள் வாழ்ந்து இன்ன தேதியில் காலமானார், இந்தக் கோயிலில் இத்தனை மணிக்குத் திருப்பலி, இந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் என்ற விவரங்கள். கடைசி வரி பெரும்பாலும் இதுதான்: துயரில் மூழ்கிய குடும்பத்தார்.

இந்தத் தாளுக்கு க்ளெப்சிட்ரா என்று பெயர். கிரேக்க மொழியில் அது நீர்க்கடிகாரம். போலிஷ் மொழியில் மணல்கடிகாரத்துக்கும் அதே சொல்தான். சொட்டுச் சொட்டாகத் தீர்ந்துபோன ஒரு வாழ்க்கையின் அறிவிப்புக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. குடியிருப்பு வாசல், கோயில் அறிவிப்புப் பலகை, கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயில், இறந்தவர் வேலை பார்த்த இடம் என்று எல்லா இடத்திலும் ஒட்டுவார்கள். நம் ஊர் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் உறவுக்காரர் என்று சொல்லலாம். பெரும்பாலும் புகைப்படம் இருக்காது, அளவும் சிறியது. ஆனால் வேலை ஒன்றுதான். மூன்றாம் மாடியில் இருந்த பாட்டி இனி இல்லை என்பது, அவரோடு ஒரு தடவையும் பேசாதவருக்கும் தெரிந்துவிடும்.

போலந்தின் சாவுச் சடங்குகளைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் இந்தத் தாளிலிருந்து தொடங்கலாம் என்பேன். மேற்கு ஐரோப்பாவிலும் வட ஐரோப்பாவிலும் பல நாடுகளில் சாவு மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளேயே ஒதுங்கிவிட்டது. போலந்தில் அது இன்னும் தெருவுக்கே தெரியும் விஷயம். அடக்கம் முடிந்த பிறகும் அந்த உறவு முடிவதில்லை. கல்லறை என்பது குடும்பம் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் ஓர் இடம், ஏறக்குறைய இன்னொரு சின்ன வீடு. வெளிநாடுகளோடு உள்ள வேறுபாடு முக்கியமாக இந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதல் சில நாட்கள்

போலந்தில் அடக்கம் சீக்கிரம் நடந்துவிடும். இறந்து மூன்று நான்கு நாட்களில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். 1959-ஆம் ஆண்டின் கல்லறைச் சட்டப்படி 24 மணி நேரத்துக்கு முன் அடக்கம் செய்யக்கூடாது. 72 மணி நேரத்துக்கு மேல் உடலை வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. பெற்றோரோ கணவன் மனைவியோ பிள்ளையோ இறந்தால் வேலையிலிருந்து சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்பு உண்டு. உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, மாமனார் மாமியார் என்றால் ஒரு நாள். அரசின் சமூகக் காப்பீட்டிலிருந்து ஈமச் செலவுக்கு ஒரு தொகையும் கிடைக்கும். 2011 முதல் 4,000 ஸ்லோட்டியாக இருந்தது, 2026 ஜனவரி முதல் 7,000 ஆகியிருக்கிறது.

இங்கிலாந்தில் பழகியவருக்கு இந்த வேகம் திகைப்பாக இருக்கும். அங்கே இரண்டு மூன்று வாரம் காத்திருப்பது சாதாரணம். ஸ்வீடனில் சட்டமே ஒரு மாதம் வரை நேரம் தருகிறது. போலந்தோடு இந்த விஷயத்தில் ஒத்துப்போவது அயர்லாந்து. அங்கேயும் மூன்று நாளில் அடக்கம், அங்கேயும் ஊரே திரண்டு வரும். அமெரிக்காவின் வழக்கம் வேறு. 1861-65 உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் உடல்களைத் தொலைவிலுள்ள வீடுகளுக்கு அனுப்ப வேண்டியிருந்ததால், ரசாயனம் ஏற்றி உடலைப் பதப்படுத்தும் பழக்கம் அங்கே வேரூன்றியது. இன்றும் முகத்துக்கு ஒப்பனை செய்து, ஈமச் சடங்கு இல்லத்தில் திறந்த பெட்டியில் வைத்து, வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஏற்பாடு பரவலாக உண்டு. போலந்தில் பதப்படுத்துவது அபூர்வம். திருப்பலிக்கு முன் சிற்றாலயத்தில் நெருங்கியவர்கள் கடைசியாக ஒரு முறை பார்ப்பார்கள், ஜெபமாலை சொல்வார்கள், பெட்டியை மூடிவிடுவார்கள்.

அப்புறம் திருப்பலி. அது முடிந்ததும் சிலுவையும் குருவும் முன்னே, பெட்டி நடுவே, குடும்பமும் ஊரும் பின்னே என்று ஊர்வலம். குழியருகே ஜெபம். பெட்டியை இறக்கியதும் ஆளுக்கொரு பிடி மண். பல இடங்களில் ஒரு எக்காளக்காரர் தனியாக நின்று மெதுவான ஒரு மெட்டை வாசிப்பார். அந்த நேரத்தில் அங்கே வேறு சத்தமே இருக்காது. சிலீசியா என்ற சுரங்கப் பகுதியில் தொழிலாளி ஒருவர் இறந்தால் கறுப்புச் சீருடையும் இறகு வைத்த தொப்பியுமாகச் சக தொழிலாளர்கள் வருவார்கள், பித்தளை வாத்தியக் குழுவும் வரும். மலைப்பகுதி என்றால் வயலின்.

மலர்வளையங்களில் நீண்ட ரிப்பன்கள் தொங்கும். 'அன்பு அம்மாவுக்கு, மகளும் குடும்பத்தாரும்' என்று அதில் அச்சடித்திருக்கும். யார் கொடுத்தது, இறந்தவருக்கு என்ன உறவு என்பது மேட்டின் மேல் பூவாகக் குவிந்து கிடக்கும். தனிப் பூவாகக் கொண்டுபோனால் எண்ணிக்கை இரட்டைப் படையில் இருக்க வேண்டும். பிறந்தநாளுக்கோ விருந்துக்கோ ஒற்றைப் படையில்தான் கொடுப்பார்கள். போலந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: சாமந்தி. நமக்கு அது பூஜைக்கும் மாலைக்கும் உரிய பூ. போலந்தில் அது கல்லறைப் பூ. இலையுதிர் காலக் கடைசியில், குளிர் இறங்கிய பிறகும் வாடாமல் நிற்பதால் நவம்பர் கல்லறைகளுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போகும்போது சாமந்திக் கொத்தோடு போய் நின்றுவிடாதீர்கள்.

துக்கம் விசாரிக்க நீண்ட பேச்சு தேவையில்லை. கையைப் பிடித்து 'என் ஆழ்ந்த அனுதாபம்' என்றால் போதும். சில க்ளெப்சிட்ராக்களிலேயே 'தயவுசெய்து அனுதாபம் தெரிவிக்க வேண்டாம்' என்று போட்டிருக்கும். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. குழியருகே நூறு பேரின் கையைப் பிடித்து நிற்கும் தெம்பு அந்தக் குடும்பத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்ததும் ஸ்டிப்பா, அதாவது துக்க விருந்து. முன்பு வீட்டில் நடந்தது, இப்போது பெரும்பாலும் ஓர் உணவகத்தில். மெல்லிய சேமியா போட்ட தெளிந்த கோழி சூப், அதற்கு ரோசூவ் என்று பெயர். அடுத்து பொரித்த பன்றி இறைச்சித் துண்டும் உருளைக்கிழங்கும். கடைசியில் காப்பியும் கேக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்தப் போலிஷ் வீட்டிலும் சாப்பிடும் சாப்பாடுதான் இது. இறந்தவர் பத்து நாள் முன்பு இதே சூப்பைக் குடித்திருப்பார். முதல் கரண்டி வரை யாரும் பேச மாட்டார்கள். சூப் வயிற்றில் இறங்கியதும் யாராவது ஒருவர் 'அவர் ஒரு தடவை என்ன செய்தார் தெரியுமா' என்று ஆரம்பிப்பார்.

துக்கம் காக்கும் காலமும் மரபில் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். கணவனுக்கோ மனைவிக்கோ ஓர் ஆண்டும் ஆறு வாரமும் கறுப்பு உடை. உடன்பிறந்தவருக்கு ஆறு மாதம். இப்போது நகரங்களில் இதை அப்படியே கடைப்பிடிப்பவர்கள் குறைவு.

கிராமத்தில் இருந்தவை

பழைய கிராம வழக்கங்கள் பல மறைந்துவிட்டன, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவை. பிப்ரவரி 2 அன்று கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த குரோம்நித்ஸா என்ற மெழுகுவர்த்தியை வருடம் முழுக்க வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார்கள். இடி மின்னலுக்குக் காப்பு அது. வீட்டில் யாருக்காவது உயிர் பிரியும் தறுவாயில் அதையே ஏற்றிக் கையில் பிடிக்கக் கொடுப்பார்கள். உயிர் போனதும் கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள், ஆன்மா வெளியேற சன்னலைத் திறப்பார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது நிலைப்படியில் மூன்று முறை தட்டுவார்கள். இறந்தவர் தன் வீட்டிடம் விடைபெறுவதாக அதற்கு அர்த்தம். வீட்டுக்காரர் இறந்த செய்தியை மாட்டுக்கும் தேனீக்கும்கூடப் போய்ச் சொன்ன ஊர்கள் உண்டு. சொல்லாவிட்டால் தேனீ செத்துப்போகும் அல்லது கூட்டை விட்டுப் போய்விடும் என்று நம்பினார்கள்.

இவற்றில் என் மனதைப் பிடித்துக்கொண்டது வடக்கே, பால்டிக் கடல் பக்கம் வாழும் கஷூபிய மக்களின் வழக்கம். அடக்கத்துக்கு முந்தைய இரவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வெற்று இரவு'. இறந்தவர் தன் வீட்டில் இருக்கும் கடைசி இரவு அது. அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து, பழைய துதிப் பாடல்களை மணிக்கணக்காகப் பாடுவார்கள். இதற்கென்றே பாட்டு தெரிந்த பெரியவர்கள் ஊரில் இருப்பார்கள். நடுவே காப்பியும் ரொட்டியும் வரும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பாட்டு. சில கிராமங்களில் இது இன்னும் நடக்கிறது.

கிராமம் இப்படியென்றால் 17, 18-ஆம் நூற்றாண்டின் பிரபுக்கள் சாவை நாடகமாகவே நடத்தினார்கள். இறந்தவரின் கவசத்தை அணிந்த ஒருவர் குதிரையில் கோயிலுக்குள்ளேயே பாய்ந்து வந்து, பெட்டிக்கு முன்னால் ஈட்டியை முறித்து, தடாலென்று கீழே விழுவார். அதோடு பெட்டியின் தலைமாட்டில் ஓர் ஓவியம் பொருத்தியிருப்பார்கள். தகரத்திலோ செம்பிலோ வரைந்தது. பெட்டியின் முனைக்கு ஏற்ற மாதிரி பெரும்பாலும் ஆறு பக்கம் கொண்டது. அப்போது ஒரே நாடாக இருந்த போலந்து–லித்துவேனியாவுக்கே உரிய கலை இது. இரட்டைத் தாடை, முகத்துத் தழும்பு, சுருங்கிய இமை எதையும் ஓவியர் மறைக்கவில்லை. கண் மட்டும் நேராக, வந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மியென்ஸிஜெச் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இந்த ஓவியங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. போக வாய்ப்புக் கிடைப்பவர்கள் தவறவிடாதீர்கள். தன் சாவுக்குத் தானே வந்து நிற்பவர்களின் கூட்டம் அது.

கல்லறை என்னும் சின்ன வீடு

போலந்துக் கல்லறை பார்க்க எப்படி இருக்கும்? பளபளப்பான கிரானைட் பலகை குழி முழுவதையும் மூடியிருக்கும். தலைப்பக்கம் நிமிர்ந்த கல்லில் பெயர்கள். ஒரே குழியில் தாத்தா, பாட்டி, மகன் என்று பலர் இருப்பதும் உண்டு. கணவர் இறந்திருந்தால் பக்கத்தில் மனைவியின் பெயரையும் பிறந்த ஆண்டையும் செதுக்கி, இறந்த ஆண்டுக்கு இடம் காலியாக விட்டிருப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் சனிக்கிழமை வாளியும் பிரஷுமாக வந்து, தன் பெயர் செதுக்கிய கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். கழுவி முடித்ததும் பக்கத்தில் போட்டிருக்கும் சின்ன பெஞ்சில் உட்காருவார். பெஞ்சுகள் பல கல்லறைகளுக்குப் பக்கத்தில் உண்டு, உட்காரவும் பேசவும்தான்.

மற்ற நாடுகளோடு உள்ள தூரம் இங்கேதான் அதிகம். ஸ்வீடனில் மின்னஸ்லுண்ட் என்ற நினைவுத் தோப்புகள் உண்டு. அங்கே சாம்பலைப் பெயர்ப்பலகை இல்லாமல் புதைப்பார்கள். எந்த இடம் என்பது குடும்பத்துக்கே தெரியாது. பூ வைக்க எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடம் உண்டு. அண்டை நாடான செக்கியாவில், போலிஷுக்கு மிக நெருங்கிய மொழி பேசும் மக்களிடையே, பெரும்பாலோர் எரியூட்டலையே தேர்ந்தெடுக்கிறார்கள். சடங்கே இல்லாமல் அனுப்பிவைப்பதும் சகஜம். இங்கிலாந்திலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எரியூட்டல்தான். இறந்தவரை நினைக்க ஒரு கல் அவசியமில்லை என்று அந்தச் சமூகங்கள் முடிவு செய்திருக்கின்றன. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்வீடன் தோப்புகளின் அமைதி நிஜமானது. ஆனால் போலந்துக்காரர் ஒருவரிடம் 'அம்மாவை எங்கே வைத்தோம் என்று தெரியாது' என்று சொல்லிப் பாருங்கள், அவருக்குத் தாங்காது.

இதற்கு வரலாறும் ஒரு காரணம். 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. 1861 பிப்ரவரியில் வார்சாவில் ஓர் ஊர்வலத்தில் ரஷ்யப் படை சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். மார்ச் 2 அன்று நடந்த அவர்களின் அடக்கத்துக்கு நகரமே திரண்டது. கத்தோலிக்கக் குருக்கள், புராட்டஸ்டண்ட் போதகர்கள், யூத ரப்பிகள் ஒன்றாக நடந்தார்கள். அதன் பின் பெண்கள் நாட்டுக்காகவே கறுப்பு உடை அணிந்தார்கள். ரஷ்ய அதிகாரிகள் பிறகு அந்தக் கறுப்பு உடையையே தடை செய்தார்கள். கூட்டம் போட முடியாத ஒரு மக்களுக்கு அடக்கமே கூட்டமாகவும் கல்லறைத் தோட்டமே நாடாகவும் இருந்த காலம் அது.

நவம்பர் முதல் நாள்

தமிழ்க் கத்தோலிக்கர்கள் நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாள் கொண்டாடுவது உங்களுக்குத் தெரியும். போலந்தில் அந்த நாளுக்கு ஸாதுஷ்கி என்று பெயர். ஆனால் அரசு விடுமுறை நவம்பர் 1-க்குத்தான், சகல புனிதர்களின் பெருவிழாவுக்கு. அதனால் நாடே அன்று கல்லறைக்குக் கிளம்பிவிடுகிறது. வார்சாவில் இதற்காகவே தனிப் பேருந்து வழித்தடங்கள் ஓடும். நெடுஞ்சாலை நெரிசலைக் கவனிக்கக் காவல்துறை நாடு தழுவிய ஏற்பாடு செய்யும். ஒரே குடும்பத்தின் கல்லறைகள் மூன்று ஊர்களில் இருந்தால் மூன்று ஊருக்கும் போவார்கள்.

கையில் ஸ்னிச் இருக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் மூடியோடு வரும் கல்லறை விளக்கு அது. காற்றிலும் மழையிலும் அணையாது, சில வகை நாட்கணக்கில் எரியும். 'முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக' என்ற ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுவார்கள். மாலை நாலரைக்கே இருட்டும் பருவம். இருட்டியதும் தோட்டம் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாக ஒளி, மேலே மூட்டமாக நிற்கும் மேகத்தின் அடியில்கூட அந்த நிறம் தெரியும். மெழுகு உருகும் வாசனை, ஈர இலை, சாமந்தி. குழந்தைகள் தூங்காமல் நடந்து வருவார்கள். வார்சா கல்லறை வாசல்களில் அவர்களுக்காக பான்ஸ்கா ஸ்கூர்கா என்ற வெள்ளையும் இளஞ்சிவப்புமான இழுப்பு மிட்டாயைத் தாளில் சுற்றி விற்பார்கள். பல்லில் ஒட்டிக்கொள்ளும்.

வார்சாவில் 1790-இல் தொடங்கிய பொவோன்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் அன்று இன்னொரு காட்சியும் உண்டு. நாடகத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்த நடிகர்கள் உண்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதைகளில் நிற்பார்கள். பழைய கல்லறைச் சிற்பங்களைச் சீரமைக்க நிதி திரட்டுகிறார்கள். இசை விமர்சகர் யெஷி வால்டோர்ஃப் தொடங்கிவைத்த இந்த வழக்கம் 1975 முதல் நடக்கிறது.

போலந்து முழுக்கக் கத்தோலிக்கம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். வார்சாவின் ஒகோபோவா தெரு யூதக் கல்லறைத் தோட்டம் 1806-இல் தொடங்கியது. அங்கே பூவுக்குப் பதில் சிறு கல்லை வைப்பார்கள். கிழக்கே போகோனிகி, க்ருஷினியானி என்ற இரு சிற்றூர்களில் பல நூற்றாண்டாக வாழும் தாத்தாரிய முஸ்லிம்கள், அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு இனிப்பும் பலகாரமும் தர்மமாகக் கொடுத்து அனுப்புவார்கள்.

மாறிக்கொண்டிருப்பவை

கத்தோலிக்கத் திருச்சபை எரியூட்டலை 1963-இலேயே அனுமதித்துவிட்டது. ஆனால் போருக்குப் பிந்தைய போலந்தின் முதல் எரியூட்டு நிலையம் 1993-இல்தான் போஸ்னானில் திறந்தது. அதன் பிறகு பெரிய நகரங்களில் எரியூட்டல் வேகமாகக் கூடிவருகிறது. அப்போதும் சாம்பலை வீட்டில் வைக்கவோ ஆற்றிலோ தோட்டத்திலோ தூவவோ முடியாது. கலசமும் கல்லறைக்குத்தான் போக வேண்டும். சட்டம் மாற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. குருவுக்குப் பதில் சடங்கு நடத்துநர் ஒருவர் இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி வழியனுப்பும் மதம் சாரா நிகழ்ச்சிகளும் நடக்கின்றன.

2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு ஏராளமானோர் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போய்விட்டார்கள். அவர்கள் இல்லாத ஊரில் கல்லறையை யார் கழுவுவது? அதற்குக் கூலிக்குச் செய்யும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கழுவி, பூ வைத்து, விளக்கேற்றி, கைப்பேசியில் படம் அனுப்புகிறார்கள். எனக்கு இது வருத்தமாகவும் இருக்கிறது, ஆறுதலாகவும் இருக்கிறது. விட்டுவிடவில்லையே என்ற ஆறுதல்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரு கல்லறைக்கு 20 ஆண்டு உரிமை. அது முடிந்ததும் மறுபடி கட்டணம் கட்டினால் இன்னும் 20 ஆண்டு. யாரும் கட்டவில்லை என்றால் ஒரு நாள் கல்லில் 'நிர்வாகத்தைத் தொடர்பு கொள்ளவும்' என்ற சின்ன ஒட்டுத்தாள் தோன்றும். அப்படியும் யாரும் வரவில்லை என்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடலாம். இப்படிக் கைவிடப்பட்ட கல்லறைகளில்கூட நவம்பர் 1 அன்று ஒரு விளக்காவது எரியும். பக்கத்துக் கல்லறைக்கு வந்த யாரோ, கூடுதலாக வாங்கிவந்த ஒன்றை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

போகும் வழியில் தோட்டத்தின் நடுவே ஒரு பெரிய சிலுவை நிற்கும். அதன் அடியில்தான் விளக்குகள் மிக நெருக்கமாக எரியும். கால் வைக்க இடம் இருக்காது. கல்லறை தொலைவில் உள்ளவர்களும், கல்லறையே இல்லாதவர்களின் வாரிசுகளும் அங்கே ஏற்றுவார்கள். சைபீரியாவில் இறந்த தாத்தா, இப்போது உக்ரைனில் இருக்கும் லிவீவ் நகரத்தில் விட்டுவந்த பாட்டி, 1940-இல் ரஷ்யாவின் 'காட்டின்' (Katyń) என்ற இடத்துக் காட்டில் சோவியத் ரகசியப் போலீசார் சுட்டுப் புதைத்த போலந்து அதிகாரி. போலந்து சோவியத் பிடியில் இருந்தபோது அந்தக் காட்டின் படுகொலையைப் பற்றிப் பேசவே முடியாத காலமும் இருந்தது. 1981 ஜூலை 31 அன்று பொவோன்ஸ்கி இராணுவக் கல்லறையில் அங்கே கொல்லப்பட்டவர்களுக்காக ஒரு கற்சிலுவை நிறுத்தினார்கள். அன்றிரவே போலந்து ரகசியப் போலீசார் அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். சிலுவை போன பின்னும் மக்கள் அந்த இடத்துக்கு விளக்கோடு வந்துகொண்டிருந்தார்கள்.